கருவேலம் இழந்த பெயர்



நம் ஆமத்தூர்ப் பக்கம் கருவேலமும் நிற்கிறது, சீமைக்கருவேலமும் நிற்கிறது. பெயரைப் பார்த்து இரண்டையும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். தாவரவியலில் இரண்டும் வேறு வேறு பேரினம்.

பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொல்லில் தாவரங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை 1753-இல் நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். பிற்பாடு வந்த விதிப்படி, ஒவ்வொரு பேரினத்துக்கும் மாதிரி இனம் என்று ஒன்று உண்டு. பேரினத்தைப் பிரிக்க நேர்ந்தால், மாதிரி இனம் இருக்கும் பக்கத்துக்கே பழைய பெயர் சொந்தம். பாகம் பிரிக்கும்போது சாமிப்பெட்டி மூத்தவர் வீட்டிலேயே தங்குவது மாதிரி.

சீமைக்கருவேலம் வெகுகாலம் 'புரோசோபிஸ்' பேரினத்தில் இருந்தது. அதன் மாதிரி இனமோ நம் வன்னி மரம். 2022-இல் பிரித்தபோது வன்னி பழைய பெயரை வைத்துக்கொண்டது; அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலம் 'நெல்டுமா' ஆயிற்று.

கருவேலத்துக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. 'அகேசியா'வுக்கு மாதிரியே அதுதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கணக்கான அகேசியாக்கள். அத்தனைக்கும் பெயர் மாற்ற வேண்டாமென்று 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில் மாதிரியையே ஆஸ்திரேலிய மரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கருவேலம் இப்போது 'வச்செல்லியா நைலோடிகா'. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஒரு ஆறுதல், 'வச்செல்லியா' என்ற பேரினத்தை 1834-இல் வெளியிட்ட இருவரில் ஒருவர், சென்னை மாகாணத்தில் கும்பினி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட்.

காலி மனையைச் சுத்தம் செய்ய ஜேசிபி கூப்பிடும் முன் காயைப் பாருங்கள். மணி கோத்த மாதிரி இருந்தால் அது கருவேலம், வெட்ட வேண்டாம்.