டம்டம்மிலிருந்து செராஸ் சாலைக்கு

செராஸ் சாலை பத்தாவது கிலோமீட்டரில், தீபகற்ப மலேசியாவின் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் தலைமையகம் இருக்கிறது. அதே சாலையிலுள்ள கிறிஸ்தவக் கல்லறையில்தான், 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி புதைக்கப்பட்டார். மனிதரை மனிதர் சுட்ட காலத்தின் சாட்சியும், விலங்கைச் சுட உரிமம் தரும் அலுவலகமும் ஒரே சாலையில் இருக்கின்றன. அந்தக் காலத்து மலாயாவில் பிரிட்டிஷ் படை, கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் என்ற இரு தரப்பின் கையிலும் இருந்த தோட்டா ஒன்றுதான்: த்ரீ நாட் த்ரீ, அதாவது .303.

1888-இல் லீ-மெட்ஃபோர்ட் ரைபிளோடு அது பிறந்தது. முதலில் கரிமருந்து, சில ஆண்டுகளில் கார்டைட். குண்டின் எடை 215 கிரெய்ன், அதாவது சுமார் 14 கிராம். உருண்டை மூக்கு, முழு உலோக உறை. 1895 சித்ரால் படையெடுப்பில் ஒரு புகார் எழுந்தது: குண்டு ஊசிபோல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது, அடிபட்டவன் நிற்காமல் ஓடிவருகிறான். கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே இதற்கு வழி கண்டார். மூக்கு நுனியில் உறையைக் கொஞ்சம் குறைத்து, ஈயத்தை வெளியே தெரிய விட்டார். சதையில் பட்டதும் ஈயம் விரிந்து அகன்றது. 1899 ஹேக் மாநாடு அப்படி விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. பிரிட்டன் 1907-இல்தான் அதை ஏற்றுக்கொண்டது.

1910-இல் வந்த மார்க் 7 குண்டைப் பிளந்து பார்த்தால் உண்மை தெரியும். 174 கிரெய்ன், கூர்மூக்கு, நொடிக்கு 2,440 அடி வேகம். உறைக்குள் முன்பகுதியில் அலுமினியம், பின்பகுதியில் ஈயம். பின்பாரம் கூடியதால் உடலுக்குள் நுழைந்ததும் அது புரளும். விரியக்கூடாது என்ற விதிக்கு அது உட்பட்டது. காயத்தின் கொடுமை மட்டும் குறையவில்லை.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைகள் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ரப்பர் தோட்டங்களைக் காவல் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், இந்தியர்களும் இருந்தார்கள். அவர்கள் தோளில் லீ-என்ஃபீல்ட் தொங்கியது. காட்டுக்குள் போன பட்டாளத்திடம் 1944-இல் வந்த ஜங்கிள் கார்பைன் இருந்தது. குழல் பத்தொன்பது அங்குலம்கூட இல்லை. காட்டிலிருந்த கெரில்லாக்களிடமும் ஜப்பானியர் காலத்தில் சேர்ந்த பிரிட்டிஷ் ஆயுதங்களே நிறைய இருந்தன. உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்கு என்பது அன்றைய சட்டம். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று, செராஸை அடுத்த புடு சிறையில் தூக்கிலிட்டது அந்தச் சட்டத்தின்படிதான். நம் தோட்டப்புறக் குடும்பங்களில் தோட்டா என்றாலே பேச்சு தணிந்துபோனதற்குக் காரணம் இருந்தது.

போர்கள் ஓய்ந்ததும் இந்த ரைபிள்கள் ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் வேட்டைக்காரர்களிடம் மலிவு விலைக்குப் போய்ச் சேர்ந்தன. இந்தியாவில் அப்படி நடக்கவில்லை. ராணுவத் தோட்டா பொதுமக்களிடம் இருக்கக்கூடாது என்று .303 தடை செய்யப்பட்டது, இஷாப்பூர் தொழிற்சாலை .315 ரைபிளைச் செய்து கொடுத்தது. மலேசியாவில் தனியாரிடம் ரைபிள் மிக அரிது. செம்பனைத் தோட்டத்தில் பன்றி விரட்டுபவர் கையில் பெரும்பாலும் நாம் 'செனாப்பாங்' என்று சொல்லும் ஷாட்கன்தான்.

பழைய .303 வைத்திருக்கும் வேட்டைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது தோட்டாப் பெட்டியை அல்ல, குழலை. 0.303 அங்குலம் என்பது குழலுக்குள் சுற்றிச் செல்லும் மேடுகளுக்கு இடையிலான அளவு. பள்ளங்களை எடுத்துக்கொண்டால் 0.311-இல் தொடங்கி 0.315 வரைகூட வரும். போர்க்கால அவசரத்தில் கடைந்த குழல்கள், கார்டைட் சூட்டில் தேய்ந்த குழல்கள் என்று ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. எனவே எண்ணெய் தடவிய மென்மையான ஈயக் கட்டி ஒன்றைக் குழலுக்குள் தட்டித் தள்ளி, மறுமுனையில் எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. என்ஃபீல்ட் குழலில் வழக்கமாக ஐந்து பள்ளங்கள். ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் வராது, மேடுதான் வரும். சாதாரண மைக்ரோமீட்டர் குறைத்தே காட்டும். ஈயக் கட்டியைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்து, கிடைக்கும் மிகப்பெரிய அளவை எடுத்துக்கொள்வார்கள். ஒற்றைப்படைப் பள்ளங்களுக்கென்றே மூன்று இடங்களில் பிடிக்கும் கருவியும் உண்டு.

அளந்த பிறகுதான் குண்டு. மற்ற முப்பது காலிபர் ரைபிள்களின் 0.308 குண்டு இதற்குச் சிறியது. பள்ளத்தில் பிடிமானம் கிடைக்காமல் தாறுமாறாகப் போகும். 0.311 அல்லது 0.312 வேண்டும். தேய்ந்த குழலுக்கு, அடி குறுகிய படகுவால் குண்டைவிடத் தட்டை அடியுள்ள குண்டே பொருந்தும். பின்னாலிருந்து தள்ளும் வாயுவை அது நன்றாக அடைக்கும். குழலின் தொண்டை நீண்டுபோன பழைய ரைபிள்களில் 215 கிரெய்ன் நீளக் குண்டு நன்றாக உட்காரும். பன்றி, மான் அளவுக்கு 150, 180 கிரெய்ன் மென்மூக்குக் குண்டுகள் போதும். செல்லியர் அண்டு பெல்லட் போன்ற நிறுவனங்கள் இன்றும் செய்கின்றன. கார்பைனாக இருந்தால் வேகம் குறையும் என்பதை நினைவில் வைத்து, குறைந்த வேகத்திலும் விரியக்கூடிய குண்டைத் தேட வேண்டும்.

வேகத்துக்கு ஆசைப்பட்டு மருந்தைக் கூட்டக்கூடாது. லீ-என்ஃபீல்ட் போல்ட்டின் பூட்டுகள் பின்பக்கம் இருப்பதால் அழுத்தம் மிகுந்தால் உலோகம் நெளியும். மெஷின் கன்னுக்காகச் செய்த மார்க் 8 தோட்டாவை ரைபிளில் போடுவது குழலைத் தின்றுவிடும். பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்டால் அன்றே கொதிநீரைப் புனல் வழியாகக் குழலில் ஊற்றிக் கழுவ வேண்டும். அதன் கேப்பிலிருந்து படியும் உப்பு எண்ணெயில் கரையாது, குழலைத் துருப்பிடிக்க வைக்கும்.

மார்க் 7 மலிவாகக் கிடைக்கிறது என்று அதன் மூக்கை அரத்தால் தேய்த்து 'டம்டம்' ஆக்கிக்கொள்ளும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. கொலைகார வேலை அது. உறையின் அடி ஏற்கெனவே திறந்திருக்கிறது. மூக்கையும் திறந்தால் ஈயம் மட்டும் பறந்துபோய் உறை குழலுக்குள் சிக்கலாம். அப்படிச் சிக்கினால் அடுத்த தோட்டாவில் குழல் வெடிக்கலாம். தேய்க்காமல் அப்படியே சுட்டாலும் நியாயமில்லை. அது எங்கே புரளும், எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1991 மான் சட்டம் மானைச் சுடும் ரைபிளில் விரியும் குண்டு மட்டுமே இருக்கலாம் என்கிறது. போரில் கொடூரம் என்று விலக்கியதை வேட்டையில் கட்டாயமாக்கியது, விலங்கு உடனே சாக வேண்டும் என்பதற்காக. அரைகுறையாகச் சுடப்பட்ட விலங்கு என்ன ஆகும் என்பதற்கு ஜிம் கார்பெட் 1907-இல் சுட்ட சம்பாவத் புலியே சாட்சி. யாரோ சுட்ட பழைய குண்டால் அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. அது கொன்றவர்கள் 436 பேர் என்று கணக்கு.

மலாயாவில் இதை உணர்ந்த வேட்டைக்காரர் தியடோர் ஹப்பாக். யானையையும் காட்டெருதையும் வேட்டையாடிப் புத்தகம் எழுதியவர், பிறகு காட்டுயிர்க் காவலராக மாறினார். 1930-களில் வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, இன்றைய தாமான் நெகாராவுக்கு வித்திட்டார். அந்த 4,343 சதுர கிலோமீட்டர் காட்டின் நிர்வாகம் இன்று செராஸ் சாலை அலுவலகத்தின் கையில் இருக்கிறது.

வேட்டைக்கு இன்று இரண்டு அனுமதிகள் வேண்டும்: 1960 ஆயுதச் சட்டப்படி காவல்துறையின் துப்பாக்கி உரிமம், 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தானின் வேட்டை உரிமம். தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியிலோ பழைய லயத்து மண்ணிலோ பித்தளைத் தோட்டா எதுவும் கண்ணில் பட்டால் நினைவுப்பொருள் என்று எடுத்து வைக்காதீர்கள். உரிமமில்லாத தோட்டா இன்றும் குற்றம்தான். கை வைக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.