டர்போ மாற்றுவதற்கு முன்: வாகனம் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரில் காலை நேரம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். அரிசி, மளிகை, பூ, காய்கறி என்று இங்கே விற்கும் எல்லாமே ஏதோ ஒரு வேனிலோ சிறிய லோரியிலோ பிக்கப்பிலோதான் வந்து இறங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். இன்றைய டீசல் வண்டி என்றாலே அதில் டர்போ இருக்கும். டர்போ கெட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும்.

என் தந்தையும் ஒரு பழைய பிக்கப் வைத்துச் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர். ஒருநாள் வண்டி மேட்டில் ஏற மறுத்தது. பட்டறையில் ‘டர்போ போய்விட்டது’ என்றார்கள். ரெகான் டர்போ ஒன்றை வாங்கிப் போட்டோம். நான்கே மாதத்தில் அதுவும் போயிற்று. இரண்டாவது பட்டறைக்காரர் டர்போவைக் கழற்றும் முன் அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. உள்ளே கரி அடைத்திருந்தது. இரண்டு டர்போக்களையும் கெடுத்தது அந்தக் குழாய்தான்.

டர்போ தானாகக் கெடுவது குறைவு. பெரும்பாலும் எண்ணெயோ தூசியோ உள்ளே புகுந்த ஏதாவது பொருளோதான் அதைக் கெடுக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் டர்போவை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதன் வழியே போகும்.

டர்போ என்ன செய்கிறது?

எரிபொருள் எரியக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தானாக இழுக்கும் காற்றோடு நின்றுவிடும். டர்போ உள்ள எஞ்சினில், வெளியேறும் புகையின் விசை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையின் சக்தி இப்படி வேலைக்கு வருகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கப்பல்களிலும் பெரிய எஞ்சின்களிலும் பயன்பட்ட இது, 1962இல் அமெரிக்காவில் விற்பனைக் கார்களுக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டர்போ எனர்ஜி நிறுவனம் பல ஆண்டுகளாக டர்போக்களைத் தயாரித்து வருகிறது.

நம் நாட்டில் இது இப்போது டீசல் வண்டிக்காரர்களின் கவலை மட்டுமல்ல. புரோட்டோன் எக்ஸோரா போல்ட், பிரிவே ஆகியவற்றின் 1.6 லிட்டர் சி.எஃப்.இ. எஞ்சின், 2020இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50, 2021இல் வந்த பெரோடுவா ஆதிவா எல்லாமே டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. ஆதிவாவில் இருப்பது வெறும் 1 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். சிறிய எஞ்சினிலிருந்து பெரிய வேலை வாங்குவதால் டர்போவின் பொறுப்பு கூடுகிறது.

அதன் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்றுகளுக்கு மேல்கூடச் சுழலும். பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி ஓடுகிறது. ஒரு புறம் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் புகை, நடுவில் எண்ணெய், மறுபுறம் காற்று. எண்ணெய் சில நொடி வராவிட்டாலே உலோகம் உலோகத்தோடு உரசும்.

கெட்டதற்கான அறிகுறிகள்

* மேட்டிலும் பாரம் ஏற்றியபோதும் இழுவை குறைதல்.
* சைரன் போன்ற சீழ்க்கை அல்லது உரசும் ஒலி.
* நீலப் புகை: எஞ்சின் எண்ணெய் எரிகிறது.
* கரும்புகை: டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை.
* எண்ணெய் அளவு அடிக்கடி இறங்குதல்.
* எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிதல்.

இவற்றில் ஒன்று தெரிந்ததும் டர்போ போய்விட்டது என்று முடிவு செய்யக்கூடாது. காற்றுக் குழாயில் வெடிப்பு, கழன்ற கிளிப், ஓட்டை விழுந்த இன்டர்கூலர், கிழிந்த வேக்யூம் குழாய், அடைத்த காற்று வடிகட்டி ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். முதலில் பார்க்க வேண்டியவை இவைதான், செலவும் குறைவு.

இன்னொரு தவறான முடிவும் உண்டு. குழாயைக் கழற்றியதும் உள்ளே லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பைப் பார்த்து ‘டர்போ எண்ணெய் கக்குகிறது’ என்பார்கள். எஞ்சினின் உள்காற்று திரும்பி வரும் வழியில் சிறிது எண்ணெய் ஆவியும் வருவது இயல்பு. தேங்கி நிற்கும் அளவுக்கு எண்ணெய் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தண்டைக் கையால் அசைத்துப் பார்க்கும்போதும் பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம். அது எண்ணெய் நிற்கும் இடைவெளி. ஆனால் முன்னும் பின்னும் அசைந்தாலோ, சக்கரத்தின் இறகு உறையில் உரசியிருந்தாலோ டர்போ கெட்டுவிட்டது என்று பொருள்.

நகரத்து வண்டி, தோட்டத்து வண்டி

லிட்டில் இந்தியாவுக்குள் நாள் முழுதும் நின்று நின்று ஓடும் வண்டிக்கும், தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கும் டர்போ கெடும் காரணம் வேறு.

நகரத்தில் குறுகிய ஓட்டம்தான் பகை. எஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம். எண்ணெயில் ஈரமும் எரிபொருளும் கலந்து அது சீக்கிரம் கெடுகிறது. இப்போதைய டீசல் டர்போக்களில் புகையின் பாதையைக் கூட்டிக் குறைக்கும் சிறிய தகடுகள் உண்டு. மெதுவான ஓட்டத்தில் கரி படிந்து அவை இறுகிவிடும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் சீராக ஓட்டுவது இதற்கு உதவும்.

தோட்டத்தில் தூசிதான் பகை. காற்று வடிகட்டியின் விளிம்பு சரியாக உட்காராமல் சிறு இடைவெளி இருந்தாலும் மணல்துகள் நேராக டர்போவின் காற்றுச் சக்கரத்தில் மோதும். இறகுகளின் முனை தேய்ந்து மழுங்கும். பிறகு அதே மணல் எஞ்சினுக்குள் போகும். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன காலத்திற்கு முன்பே வடிகட்டியைச் சரிபார்க்க வேண்டும். காகித வடிகட்டியை அழுத்தக் காற்றால் பலமாக ஊதிச் சுத்தம் செய்தால் அது கிழியலாம். புதியது வாங்குவதே மேல்.

வண்டியை நிறுத்தும் முன் ஆறவிட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் நெரிசலில் ஊர்ந்து வந்தால் டர்போ அதற்குள் ஆறியிருக்கும். ஆனால் பாரத்தோடு மலை ஏறி நிறுத்தும்போதும், நெடுஞ்சாலையில் வேகமாக வந்து ஓய்வுப் பகுதியில் நிறுத்தும்போதும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது நல்லது. உடனே அணைத்தால் உள்ளே நிற்கும் எண்ணெய் வெந்து கரியாகும். எங்கள் வண்டியின் குழாயை அடைத்தது அந்தக் கரிதான்.

எந்த டர்போவை வாங்குவது?

*அசல் புதியது:* வண்டி நிறுவனமோ, காரெட், போர்க்வார்னர், ஐ.எச்.ஐ., மிட்சுபிஷி போன்ற டர்போ தயாரிப்பாளர்களோ தருவது. விலை அதிகம், உத்தரவாதம் உண்டு.

*மறு உற்பத்தி செய்தது:* பழைய உறையில் உள்பாகங்களைப் புதிதாக மாற்றி, இயந்திரத்தில் சமநிலை பார்த்துத் தருவது. செய்தவர் யார் என்பதைப் பொறுத்தே தரம்.

*உள்கட்டு மட்டும் மாற்றுவது:* பட்டறைகளில் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். உறை நன்றாக இருந்தால் செலவு குறையும். ஆனால் தகடுகள் கொண்ட டீசல் டர்போவில் அவற்றின் அளவை மீண்டும் சரியாக அமைக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத இடத்தில் செய்தால் இழுவை திரும்பாது.

*ரெகான், ஹாஃப் கட்:* பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்படும் பழைய வண்டிகளிலிருந்து எடுத்தவை. மலிவு, ஆனால் அதன் பழைய வாழ்க்கை யாருக்கும் தெரியாது. வாங்கும்போதே தண்டின் அசைவையும் இறகுகளையும் பாருங்கள்.

எதை வாங்கினாலும் பழைய டர்போவில் உள்ள தகட்டின் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு டர்போ மாறும். ‘பொருந்தும்’ என்ற வாய்ச்சொல் போதாது. எண் ஒத்துப்போக வேண்டும்.

மாற்றும்போது செய்ய வேண்டியவை

1. பழையது ஏன் கெட்டது என்று பட்டறைக்காரர் சொல்ல வேண்டும். பழைய டர்போவைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.
2. எஞ்சின் எண்ணெயும் எண்ணெய் வடிகட்டியும் புதிதாக வேண்டும். கையேட்டில் சொன்ன தரத்தில் வாங்குங்கள்.
3. எண்ணெய் வரும் குழாயை மாற்றுவதே நல்லது. அதன் போல்ட்டில் சிறிய சல்லடை இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.
4. எண்ணெய் திரும்பும் குழாய் மடங்காமல், அடைக்காமல் இருக்க வேண்டும். அது அடைத்தால் நல்ல டர்போவும் எண்ணெய் கசியும்.
5. பழைய சக்கரம் உடைந்திருந்தால் உலோகத் துண்டுகள் இன்டர்கூலருக்குள் இருக்கும். அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். அங்கே தேங்கிய எண்ணெயை டீசல் எஞ்சின் இழுத்தால், சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் வேகமெடுக்கும் ஆபத்து உண்டு.
6. எண்ணெய் வழியில் சிலிக்கன் பசை தடவக்கூடாது. அதன் துணுக்கு உடைந்து குழாயை அடைக்கும். கேஸ்கெட் போட வேண்டும்.
7. ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவுக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டும். பிறகு சில நிமிடம் வேகம் கொடுக்காமல் ஓடவிட வேண்டும்.

காற்று வழியை மேம்படுத்தினால் சக்தி கூடுமா?

இளைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. திறந்த வடிகட்டி போட்டதும் ஒலி மாறும். வண்டி பறப்பதுபோல் தோன்றும். டர்போ இல்லாத மைவி, சாகா போன்ற கார்களில் கிடைக்கும் கூடுதல் சக்தி பெரும்பாலும் மிகச் சிறியது. எஞ்சின் மூடிக்குள் திறந்த வடிகட்டி வைத்தால் அது சூடான காற்றைத்தான் இழுக்கும். காற்றின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு குறையும். நம் வெயிலில், நெரிசலில் நிற்கும் வண்டியில் இது நட்டக் கணக்கு.

எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டியில் எண்ணெய் அதிகமானால் அது காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து எரிபொருள் கணக்கைக் குழப்பும். இன்டர்கூலரைப் பெரிதாக்குவது பாரம் இழுக்கும் வண்டிக்கு உதவலாம். ஆனால் குழாய்களில் கசிவு இருந்தால் பணம் வீண். முதலில் வடிகட்டி, குழாய், கிளிப் மூன்றையும் சரிசெய்யுங்கள். இழந்த சக்தியில் பெரும்பகுதி அங்கேயே திரும்பக் கிடைக்கலாம்.

பினாங்கில் வெள்ளத்தையும் மறக்கக்கூடாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். குளிர்காற்றுக்காக வடிகட்டியைப் பம்பருக்குக் கீழே இறக்கி வைத்தால், தேங்கிய நீரில் போகும்போது எஞ்சின் நீரை உறிஞ்சும். நீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும், எஞ்சினே போய்விடும். நீரில் அணைந்த வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்; இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். பிக்கப்பில் ஸ்னார்க்கல் வைத்தவர்களுக்கும் ஒரு சொல்: இணைப்புகள் முழுதாக அடைபட்டிருந்தால்தான் அது பயன் தரும்.

சட்டமும் காப்புறுதியும்

அதே வகை டர்போவை மாற்றுவது பழுதுபார்ப்பு. காற்றழுத்தத்தைக் கூட்டுவது, எஞ்சினை மாற்றுவது, கணினியைத் திருத்துவது ஆகியவை மாற்றியமைப்பு. எஞ்சின் மாற்றத்தை ஜேபிஜேயில் பதிய வேண்டும். மாற்றியமைத்ததைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாவிட்டால் விபத்தில் இழப்பீடு சிக்கலாகலாம். புதிய காரின் உத்தரவாதமும் பாதிக்கப்படலாம். டீசல் வண்டிகளின் புகைக்கு 1996 சுற்றுச்சூழல் விதிகளின்படி 50 எச்.எஸ்.யூ. என்ற வரம்பு உண்டு. கரும்புகை கக்கும் வண்டி சக்தி கூடிய வண்டி அல்ல. டீசலை வீணாக்கும் வண்டி. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, அந்தப் புகை யாருடைய பணம் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

ஏமாந்தால் என்ன செய்வது?

வேலை தொடங்கும் முன் விலையையும், பொருள் புதியதா ரெகானா என்பதையும், உத்தரவாதக் காலத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ரசீதில் டர்போவின் எண்ணும் இருக்கட்டும். தகராறு வந்தால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரலை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ஜார்ஜ்டவுனிலேயே உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

என் தந்தையிடம் முதல் டர்போவுக்கான ரசீது இல்லை. அதனால் அந்தப் பணம் திரும்பவில்லை. அடுத்த முறை அவர் பட்டறைக்குப் போனபோது முதலில் கேட்டது விலையை அல்ல: “ஏன் கெட்டுச்சு, அதச் சொல்லுங்க தம்பி.” நீங்களும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.