கொறங்காட்டின் வரலாற்றில் உழைத்தவர்கள் எங்கே?

காங்கேயம் காளையை அறியாத தோழர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தில் நாட்டு மாட்டின் அடையாளமாகவே அது நின்றது. ஆனால் அந்தக் காளை மேய்ந்து வளர்ந்த நிலத்தைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

அந்த நிலத்தின் பெயர் கொறங்காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மழை குறைந்த மேட்டு நிலத்தில் இன்றும் பார்க்கலாம். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. புல்லும் வேலங்காயும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி. காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலும் புழுக்கையிலும் வேல விதை பரவுகிறது. உயிர்வேலி பறவைகளுக்கும் ஓணான்களுக்கும் ஒதுங்க இடம். ஒரு துண்டில் புல் குறைந்தால் மாடுகளை அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள்.

இங்கிலாந்தின் நெப் பண்ணையில் சுமார் 3,500 ஏக்கரில் உழவை நிறுத்தி, பழைய இன மாடுகளை மேயவிட்டு, இயற்கையை மீட்டதாக உலகம் கொண்டாடுகிறது. கால்நடையும் காட்டுயிரும் சேர்ந்து வாழும் நிலம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அங்கே நிலம் ஒரு பிரபுக் குடும்பத்தின் கையில். இங்கே கொறங்காடு பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினரின் பட்டாவில்.

காங்கேயம் இனத்தின் வரலாறு எழுதுபவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரரின் பெயரைத் தவறாமல் எழுதுகிறார்கள். அந்தக் குடும்பம் இனத்தைப் பேணியது உண்மை. ஆனால் வேலி அடைத்த கை யாருடையது? சாணம் அள்ளியது யார்? செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, கவலை இறைக்கும் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தது யார்? அருந்ததியர்கள். மாடு இழுக்க, அந்தத் தோலில்தான் கொங்குக் கிணறுகளின் தண்ணீர் மேலே வந்தது. பண்ணையத்துக்கு விடப்பட்ட நம் சிறுவர்கள் ஆடுமாடு மேய்த்தே வளர்ந்தார்கள். அவர்களின் வாழ்க்கையைப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலாக்கியது. கால்நடை வரலாறோ அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் கிணறுகளுக்கு மோட்டார் வந்தது, கவலை ஓய்ந்தது, தோல் வேலையும் போனது. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. நம் மக்களில் பலர் பண்ணையத்தை விட்டு விசைத்தறிக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போனார்கள். அதை விடுதலையின் ஒரு படியாகவே பார்க்கிறோம். பழைய பண்ணைக்குத் திரும்பச் சொல்லும் எந்தப் ‘பாரம்பரிய’ப் பேச்சும் நமக்கு வேண்டாம்.

ஆனால் கொறங்காடு வேண்டும். வறட்சியைத் தாங்கும் மேய்ச்சல் நிலம் இனி எல்லாருக்கும் தேவைப்படும். அது யாருடைய பெயரில், யாருடைய அறிவை மதித்துக் காக்கப்படுகிறது என்பதே நம் கேள்வி. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-ல் வந்தது. அதன் 2004 விதிகள் உள்ளாட்சிதோறும் அமையும் மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் குறைந்தது 18 சதவீதம் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன. ஊரின் செடி, விலங்கு, மரபறிவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது அந்தக் குழுவின் வேலை.

உங்கள் ஊராட்சியில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் நம்மவர் யார் என்று கேளுங்கள். பிறகு சேரிக்குப் போய் நம் பாட்டிகளிடம் உட்காருங்கள். எந்தப் புல் எந்த மழைக்கு முளைக்கும், எந்தத் தழை எந்த நோய்க்கு ஆகும் என்று அவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். பட்டா இல்லாதவர்களின் அறிவும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும்.