அரை விநாடி போனாலும் பரவாயில்லை, கியர் வேணும்: ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் கேட்பது என்ன?

2013-ல் போர்ஷே 911 ஜிடி3 காரின் புதிய தலைமுறை வந்தபோது, பழைய ரசிகர்களுக்கு அதிர்ச்சி. கிளட்ச் மிதித்து கையால் கியர் போடும் மேனுவல் வசதியே இல்லை. பிடிகே எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும்தான்.

வேகமா போனா போதாதா, வேறென்ன வேணும்னு கேட்கிறீங்களா?

எதைச் சேர்க்கச் சொன்னார்கள்?
மேனுவல் கியரை. 2017 ஜிடி3-ல் கூடுதல் கட்டணம் இல்லாமலே அது திரும்பி வந்தது. கணக்கைப் பாருங்க: 100 கி.மீ. வேகத்தைத் தொட பிடிகே-க்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9 விநாடி. மெதுவானதைத்தான் கேட்டு வாங்கினார்கள். எல்லாத்தையும் காரே செய்துவிட்டால் ஓட்டுபவருக்கு என்ன வேலை?

எதை நீக்கச் சொன்னார்கள்?
எடையை. 2016-ல் வந்த 911 ஆர் மாடலில் பின் இருக்கை கிடையாது; ஏசி, ரேடியோகூட கேட்டால்தான். எடை 1,370 கிலோ. மேனுவல் மட்டுமே. தயாரானவை 991 கார்கள்.

எதை நீக்க முடியாது?
சட்டம் சொல்வதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய கார்களில், வேக வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதி கட்டாயம். அணைக்கலாம், அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் தானே திரும்ப வந்துவிடும்.

மின்சார கார்களில்?
அவற்றுக்குப் பெரும்பாலும் கியர் மாற்றும் தேவையே இல்லை. ஆனாலும் ஹூண்டாய் ஐயானிக் 5 என் கார், கியர் மாறும்போது வரும் உதறலை மென்பொருள் மூலம் உருவாக்கித் தருகிறது. அந்த அளவுக்கு அந்த உணர்வு வேண்டியிருக்கு!