நீலக்கரைச் சேலை போன தூரம்

கொல்கத்தாவை அடுத்த டிட்டாகரில், ரயில் பாதையோரம் இருக்கிறது 'காந்திஜி பிரேம் நிவாஸ்'. அன்னை தெரசாவின் சபை தொழுநோயாளிகளுக்காக நடத்தும் இல்லம். சபைச் சகோதரிகள் உடுத்தும் சேலை அங்குள்ள கைத்தறிகளில்தான் உருவாகிறது. வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் மூன்று நீலக் கோடுகள், ஒன்று அகலம், இரண்டு மெலிசு. நெய்பவர்கள் தொழுநோய் கண்டவர்கள், அதிலிருந்து மீண்டவர்கள்.

தமிழ்நாட்டின் அச்சன்புதூர் பக்கத்தில் இந்த நெசவின் அருமை சொல்லாமலே விளங்கும். அடுத்திருக்கும் கடையநல்லூர் தறிக்குப் பேர்போன ஊர். சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போன குடும்பங்களின் ஊரும்கூட. நீலக்கரை வேண்டுமென்றால் பாவு ஓட்டும்போதே நீல இழைகளை எண்ணி ஓரத்தில் சேர்த்துவிட வேண்டும். அங்கே ஓர் இழை பிசகினால் சேலை நெடுகப் பிசகு ஓடும். அறுந்த நூலை விரல்தான் தடவிக் கண்டுபிடிக்கும். உணர்ச்சி மரத்த விரல்களோடு அதைச் செய்வது எத்தனை பாடு!

இந்தச் சேலையை முதலில் உடுத்தியவர் ஓர் அல்பேனியப் பெண். 1910 ஆகஸ்ட் 26-இல், அன்று ஒட்டோமான் ஆட்சியில் இருந்த ஸ்கோப்யேயில் பிறந்தார். வீட்டில் அவர் பெயர் கோன்ஜே, பின்னாளில் அன்னை தெரசா. அந்த ஆட்சி சரிந்தபோது அல்பேனியர்களின் நிலம் துண்டுபட்டது. 1912-இல் அல்பேனியா சுதந்திர நாடானது. கொசோவோவும் ஸ்கோப்யேயும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. ஒரே மொழி பேசுபவர்கள் பல நாடுகளின் குடிமக்கள் ஆனார்கள். 1928-இல் லொரேட்டோ கன்னியர் மடத்தில் சேர வீட்டை விட்டுப் புறப்பட்ட கோன்ஜே, அயர்லாந்து வழியாக 1929 ஜனவரியில் கொல்கத்தா வந்து சேர்ந்தார். பெற்ற தாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

1948 ஆகஸ்டில் லொரேட்டோ மடத்தின் அங்கியைக் கழற்றிவிட்டு, ஏழைப் பெண்கள் உடுத்தும் மலிவு விலை வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். 1950-இல் சபை பிறந்தது. அதன் பிறகு அந்தச் சேலையே சகோதரிகளின் சீருடை. 1979-இல் ஆஸ்லோவில் நோபல் பரிசு வாங்கியபோதும் அவர் உடுத்தியிருந்தது இதைத்தான்.

சேலை போன பயணங்களில் நெடுநாள் காத்திருந்தது அல்பேனியத் தலைநகர் டிரானாவுக்குப் போனதுதான். தாயும் அக்காவும் அங்கே குடியேறியிருந்தார்கள். அந்நாட்டின் கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் ஆட்சி எல்லைகளை இறுக மூடியது. 1967-இல் மதத்தையே தடை செய்தது. மகள் உள்ளே வர அனுமதி இல்லை, தாய்க்கு வெளியேற அனுமதி இல்லை. 1972-இல் தாய் காலமானார். 1989-இல்தான் அந்தக் கதவு திறந்தது. டிட்டாகர் தறிக்காரர்கள் அறிந்த அதே நீலக்கரைச் சேலையில் அவர் தாயின் கல்லறைக்கு முன் நின்றார். 1991-இல் டிரானாவில் சபையின் இல்லம் திறக்கப்பட்டது. அதே சேலையில் சகோதரிகள் அல்பேனியத் தெருக்களில் நடக்கத் தொடங்கினார்கள்.

இன்று டிரானா விமான நிலையத்துக்கு அவர் பெயர். ஸ்கோப்யேயில் 2009-இல் நினைவு இல்லம் எழுந்தது. கொசோவோவின் பிரிஷ்டினாவில் பேராலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2009-இல் அல்பேனிய அரசு அவருடைய உடலையே கேட்டது, இந்தியா மறுத்துவிட்டது. நீலக்கரைக்கும் 2016-இல் இந்தியாவில் வணிகச் சின்னப் பதிவு கிடைத்தது.

ஊர் துண்டாடப்பட்ட ஓர் இனத்துக்குத் தன் மகளைச் சொந்தம் கொண்டாட எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அவர் தாய்மண் திரும்பியபோது உடுத்திப் போனது வங்காளத்து ஏழைகளின் உடை. புலம்பெயர்ந்தவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களும் அவருக்கு உறவுதான். அந்த உறவில் முதல் வரிசை, ஊர் ஒதுக்கிவைத்த பிறகும் தறியில் உட்கார்ந்து அவருக்குச் சேலை நெய்து கொடுத்தவர்களுக்கே உரியது.