முந்திரி ஓட்டெண்ணெயிலிருந்து ஃபைபர் ரெசின் வரை: கடலூர்க் கரையில் படகு பேணிய கதை

பண்ருட்டின்னு சொன்னதும் எல்லாருக்கும் பலாப்பழம் ஞாபகம் வரும். அடுத்தது முந்திரி. கடல் ஞாபகம் யாருக்கும் வராது. ஆனா இங்கிருந்து கெடிலம் ஆற்றோடு கிழக்கே போனா, திருவதிகை, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் தாண்டி 25 கிலோமீட்டர் சுமாருக்குள் கடலூர்க் கரை வந்துவிடும். பண்ருட்டி, நெய்வேலி மீன் சந்தைக்கு வரும் மீனில் பெரும்பங்கு அந்தக் கரையோட மீன்தான்.

படகு வரலாறு என்றால் நாம் பொதுவாகப் படிப்பது சோழர் கப்பற்படை, டச்சுக்காரன், ஆங்கிலேயன் என்று போகும். 1690-ல் ஆங்கிலேயர் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கினார்கள், 1783-ல் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரான் இதே கடலில் சண்டை போட்டார் என்பதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. நான் சில காலமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சின்ன விஷயம். ஒரு கட்டுமரமோ சின்னப் படகோ வைத்திருந்த ஆள், கரைக்குத் திரும்பிய பிறகு அதை என்ன செய்தார்? எதைப் பூசினார், எதைக் காய வைத்தார், உடைந்தால் யாரிடம் போனார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த மனிதர் எப்போது தன் கையை நம்பி வாழ்ந்தார், எப்போது கடன் நோட்டை நம்பி வாழ ஆரம்பித்தார் என்பது தெரிந்துவிடுகிறது. படகுப் பராமரிப்பின் கதை உண்மையில் கடன் கதைதான்.

தினமும் அவிழ்க்கிற படகு

முதலில் கட்டுமரம். உலகத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களில் இது ஒன்று. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் இந்த மிதவைகளை இப்படித்தான் அழைக்கிறார்கள் என்று எழுதினார். அந்தச் சொல் அப்படியே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. 1876-ல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் ஓட்டினார். அதற்குப் பிறகு மேலைநாட்டில் அந்தப் பெயர் இரட்டைப் படகுக்கு ஒட்டிக்கொண்டது. இன்று பணக்காரர்கள் உல்லாசப் பயணம் போகும் கேட்டமரானுக்கும் தேவனாம்பட்டினத்துக் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு குறைவு.

கட்டுமரத்தில் கவனிக்க வேண்டியது, அது படகே இல்லை என்பதுதான். உள்ளே குழிவு கிடையாது, ஆணி கிடையாது. எடை குறைந்த சில மரத்துண்டுகளை வரிசையாக வைத்து, இரண்டு முனையிலும் கயிற்றால் கட்டுவார்கள். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும். மூழ்க வழியில்லை. துறைமுகம் இல்லாத, அலை உடைந்துகொண்டே இருக்கும் மணற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் சுலபத்தில் கிடைக்காது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920-ல் விரிவாக எழுதினார். வடிவத்தில் எளிமையான இந்த மிதவையை அவர் அலட்சியமாகப் பார்க்கவில்லை.

ஆனா மூழ்காத மரத்துக்கும் ஒரு நோய் உண்டு. அது தண்ணீர் குடிக்கும். கடலில் கிடந்த மரம் கனத்துப்போகும், மிதப்பு குறையும். அதனால் கரை வந்ததும் கட்டை அவிழ்த்து, மரத்துண்டுகளைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். அடுத்த முறை போகும்போது மறுபடி கட்டு. யோசித்துப் பாருங்கள்: இது ஒவ்வொரு நாளும் படகை முழுசாகப் பிரித்துச் சோதிப்பதற்குச் சமம். எந்தத் துண்டு உளுத்தது, எந்தக் கயிறு நைந்தது என்பது அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கட்டுமரம் ஓடுவதும் காற்றின் நேரப்படிதான். விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும், அதில் பாய் விரித்துப் போவார்கள். மதியத்துக்கு மேல் காற்று திரும்பிக் கரைப்பக்கம் அடிக்கும், அதில் திரும்பி வருவார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் உண்டு. ஆழத்தைப் பாகத்தில் அளப்பார்கள். ஒரு பாகம் என்பது விரித்த இரண்டு கையின் நீளம், ஏறத்தாழ ஆறடி. கடலில் இடம் தெரிய, கரையில் இருக்கும் ஒரு கோபுரத்தையும் ஒரு பனையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். எரிபொருள் செலவு என்று ஒரு பைசா கிடையாது.

பலகைக்குப் பூச்சு, வலைக்குச் சாயம்

பலகையால் செய்த படகுகளின் கதை வேறு. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகில் பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலையில் தரை தட்டினால் விரிசல் விடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கேரளக் கரையில் வள்ளம் செய்ய அயினி மரம் பேர்போனது. நம்ம ஊர்ப் பலாவின் பங்காளி மரம் அது. காட்டுப் பலா வகை.

பலகைப் படகின் முதல் எதிரி புயல் இல்லை, புழு. கப்பல் புழு என்று சொல்வோம், ஆனா அது புழுவே இல்லை, சிப்பி இனம். குட்டியாக மரத்துக்குள் நுழைந்து உள்ளேயே வளர்ந்து துளைத்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஊசித்துளைதான் தெரியும். உள்ளே பலகை தேன்கூடு மாதிரி ஆகியிருக்கும். இதற்கு மருந்தாக நம் நாட்டுக் கரைகளில் மீன் எண்ணெயும் முந்திரி ஓட்டெண்ணெயும் பூசினார்கள்.

இங்கேதான் பண்ருட்டிக்காரன் காது நிமிரும். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு கறுத்த எண்ணெய் இருக்கிறது. ஓட்டின் எடையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வரும். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வது இதற்காகத்தான். மனிதத் தோலைப் பொசுக்குகிற அதே குணம்தான் மரத்தைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றுகிறது. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் இது. பருப்பு சாப்பாட்டுத் தட்டுக்குப் போனது, ஓடு படகுக்குப் போனது.

வலைக்கும் இதே மாதிரி பாடு உண்டு. பருத்தி நூல் வலை ஈரத்தில் மக்கிப்போகும். அதனால் புளியங்கொட்டைத் தோல், மரப்பட்டை, பனிச்சைக்காய் போன்ற துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்துக் காய வைப்பார்கள். சில வாரத்துக்கு ஒரு முறை திரும்பவும் அதே வேலை. மீனவக் குடும்பத்தில் கடலில் கழித்த நேரத்துக்குக் குறையாத நேரம் கரையில் வலையோடும் மரத்தோடும் கழிந்தது. பொருளெல்லாம் பக்கத்து நிலத்தில் விளைந்தது, கூலி வீட்டு ஆட்களின் கை. பணம் குறைவாகவும் உழைப்பு அதிகமாகவும் கேட்ட முறை என்று இதைச் சொல்லலாம்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுமரத்தில் உட்கார்ந்து போகிறவர் இடுப்புவரை நனைந்துதான் போவார். நிழல் இல்லை, மீன் வைக்கப் பெட்டி இல்லை, காற்று நின்றால் கை வலிக்கத் துடுப்புப் போட வேண்டும். வயதான மீனவர்களிடம் பேசினால் கட்டுமரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள், ஆனா அதே வாயால் "என் பையன் அதுல போகவேணாம்" என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

நைலானும் எஞ்சினும்

முதலில் மாறியது வலை. நைலான் வந்ததும் சாயம் காய்ச்சும் அடுப்பு அணைந்தது. மக்காத வலை என்பது சாதாரண விஷயமில்லை. வாரக்கணக்கான வேலை ஒரே அடியாக மிச்சம். ஆனா வலை இப்போது கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது.

அடுத்து விசைப்படகுகள். 1950-களில் கேரளத்தின் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. பிறகு இழுவைமடி தமிழகக் கரைக்கும் பரவியது. சின்னப் படகுக்காரருக்கும் விசைப்படகுக்கும் மோதல் முற்றித்தான் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று கோடு போட்டார்கள். கோடு போட்டால் போதுமா? பெரிய படகு அள்ளிய பிறகு, மீனைத் தேடி சின்னப் படகும் தூரம் போக வேண்டியதாயிற்று. பாயை நம்பி அவ்வளவு தூரம் போய்த் திரும்புவது கஷ்டம். எஞ்சின் தேவைப்பட்டது.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆரம்பமானது. அலைக்கரையில் ஏற்றி இறக்கக்கூடிய படகை உருவாக்குவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. குமரி மாவட்டம் முட்டத்தில் 1980-களில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் இருந்த சிக்கல் ஒன்றுதான்: கரை நெருங்கும்போது விசிறி மணலில் மோதும். அதனால் தூக்கி மடக்கக்கூடிய எஞ்சின் வேண்டும். இன்று கடலூர்க் கரையில் பார்க்கும் 'லாங் டெயில்' எஞ்சின் அதற்கு ஒரு நடைமுறை விடை. நீண்ட தண்டின் நுனியில் விசிறி. அலை உடையும் இடத்தில் தண்டை மேலே தூக்கிவிட்டால் படகு வேகத்தில் மணலில் ஏறிவிடும்.

எஞ்சின் வந்ததும் பங்கு பிரிப்பது மாறியது. முன்பு கிடைத்த மீனில் ஆளுக்கொரு பங்கு, மரத்துக்கும் வலைக்கும் தனிப் பங்கு. இப்போது முதலில் டீசல் காசு எடுக்கணும், ஐஸ் காசு எடுக்கணும், அப்புறம் எஞ்சின் வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு. மீதி இருந்தால்தான் கூலிக்கு. மீன் கிடைக்காத நாளில் கட்டுமரக்காரருக்கு நஷ்டம் அவருடைய உழைப்பு மட்டும். எஞ்சின் படகுக்காரருக்கு உழைப்போடு டீசல் பாக்கியும் சேரும். அந்தப் பாக்கியைக் கொடுப்பவர் பெரும்பாலும் கரையில் மீனை ஏலம் எடுப்பவர் அல்லது வியாபாரி. முன்பணம் கொடுத்தவரிடமே மீனைக் கொடுக்க வேண்டும், விலையில் கழிவு போகும்.

சுனாமிக்குப் பிறகு

2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் உள்ளிட்ட கரை ஊர்களில் மரமும் வலையும் ஒரே காலையில் போயின. நிவாரணமாக வந்தது பெரும்பாலும் ஃபைபர் படகு. அதுவரை படிப்படியாக நடந்துகொண்டிருந்த மாற்றம் சில மாதத்தில் நடந்து முடிந்தது. கேட்பு அதிகமானதும் படகு வார்க்கும் கொட்டகைகள் திடீரென்று முளைத்தன. எல்லாக் கொட்டகையிலும் ஒரே தரம் இருக்கவில்லை.

ஃபைபர் படகு செய்வது இப்படி: அச்சில் மெழுகு தடவி, மேல்பூச்சு அடித்து, கண்ணாடி இழைப் பாயை ஒவ்வோர் அடுக்காக வைத்து ரெசின் ஊற்றி, உருளையால் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டும். குமிழி தங்கினால், அடுக்கு குறைந்தால், வெளியே தெரியாது. பெயின்ட் எல்லாத்தையும் மறைத்துவிடும். ஒன்றிரண்டு வருஷத்தில் அடிப்பாகம் மணலில் தேய்ந்து இழை வெளியே வரும்போதுதான் தெரியும். அப்போது தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, புது இழைப்பாய் ஒட்ட வேண்டும். காயாமல் ஒட்டினால் பிடிக்காது. பொறுமை இல்லாமல் அவசரமாக ஒட்டியது அடுத்த நடையிலேயே உரிந்துவரும். கட்டுமரத்தை உலர்த்திய காலத்து அதே பாடம்தான் இது, ஆனா இப்போது காயும் நாட்களில் டீசல் கடனுக்கு வட்டி ஓடுகிறது.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கரையில் ஏற்றி வைத்த படகுகளும் தப்பவில்லை. அதே காற்று உள்ளே வந்து பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. முந்திரி மரம் மறுபடி காய்க்க வருஷங்கள் ஆகும். படகுக்காரரும் தோப்புக்காரரும் ஒரே இரவில் மூலதனத்தை இழந்தார்கள். நாம் அவர்களை வேறு வேறு உலகமாக நினைக்கிறோம், காற்று அப்படி நினைக்கவில்லை.

ஓட்டெண்ணெய் திரும்பிய வழி

கடைசியாக ஒரு விசித்திரம். முந்திரி ஓட்டெண்ணெயிலிருந்து கார்டனால் என்ற பொருளைப் பிரிக்கிறார்கள். அதிலிருந்து தயாராகும் ஒரு கடினமாக்கி, குளிரிலும் ஈரத்திலும்கூட எபாக்ஸிப் பூச்சை நன்றாக இறுக வைக்கும். அதனால் உலகம் முழுக்கக் கப்பல் அடிப்பாகப் பெயின்டில் அது சேர்கிறது. ஒரு காலத்தில் மீனவர் கையால் பலகையில் தேய்த்த எண்ணெய், இன்று தொழிற்சாலை வழியாகப் பெரிய கப்பல்களுக்குப் போகிறது. எண்ணெயின் அறிவு வீணாகவில்லை. அதை வைத்திருந்த கைதான் மாறிவிட்டது.

ஃபைபர் படகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதில் போகிறவர் காய்ந்த துணியோடு வீடு திரும்புகிறார். ஆனா சின்னப் படகுக்காரருக்கு உதவி என்று பேசும்போதெல்லாம் அரசும் தொண்டு நிறுவனங்களும் படகு வாங்கும் காசைத்தான் கணக்குப் போடுகின்றன. அதைப் பேணும் காசும் நாளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கெட்டுப்போன கட்டுமரம் கடைசியில் அடுப்புக்காவது ஆனது. உடைந்த ஃபைபர் கூடு எரிக்கவும் ஆகாது, மக்கவும் மக்காது. கரையில் கவிழ்ந்து கிடக்கும் அந்தக் கூடுகளில் பலவற்றுக்கு இன்னும் கடன் அடைந்திருக்காது.