குமனோ ஊரின் தூரிகைகள்

ஜப்பானில் ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் குமனோ. விளைநிலம் குறைவு. அதனால் எடோ காலத்தின் பிற்பகுதியில், வயல்வேலை ஓய்ந்த மாதங்களில் ஊரார் நாரா பக்கம் கூலிவேலைக்குப் போவார்கள். அங்கே எழுதும் தூரிகையும் மையும் வாங்கி, திரும்பும் வழியெல்லாம் விற்றுக்கொண்டே வருவார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தாங்களே தூரிகை செய்யவும் கற்றுக்கொண்டார்கள்.

முடியைச் சுத்தம் செய்வதுதான் இந்தத் தொழிலின் உயிர். ஆட்டுமுடியில் எண்ணெய்ப்பசை இருந்தால் மை பிடிக்காது. எனவே முடியின் மேல் உமிச்சாம்பலைத் தூவி, சூடுகாட்டி, மான்தோலில் சுருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். சாம்பல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். வளைந்த முடியும் நிமிரும். சோப்பே இல்லாமல் இதைச் சாதித்த கைகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொடக்கப்பள்ளிகளில் தூரிகை எழுத்துப் பாடம் நின்றது. விற்பனை விழுந்தது. ஊர் ஓவியத் தூரிகைக்கும் மேக்கப் பிரஷ்ஷுக்கும் மாறிப் பிழைத்தது. 2011இல் மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தை வென்ற ஜப்பான் அணிக்கு அரசு பரிசாகக் கொடுத்தது குமனோ மேக்கப் பிரஷ்களைத்தான். தேய்ந்த தூரிகைகளுக்கும் இங்கே மரியாதை உண்டு: இலையுதிர்காலச் சமபகல் நாளில் நடக்கும் தூரிகைத் திருவிழாவில் நன்றி சொல்லித் தீயிலிடுகிறார்கள்.

குமனோ மேக்கப் பிரஷ்ஷின் நுனியைக் கத்தரிப்பதில்லை. முடியின் இயல்பான நுனியே கன்னத்தில் படும். வீட்டில் கழுவும்போது வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். முடியை மட்டும் நனைக்க வேண்டும். முடியைப் பிடித்திருக்கும் உலோகப்பட்டைக்குள் நீர் இறங்கினால் பசை இளகி முடி உதிரும். துணியில் ஒற்றி, வடிவம் திருத்தி, நிழலில் படுக்கவைத்துத்தான் உலர்த்த வேண்டும்.